கருப்பட்டிக்கு வாஸ்து பார்த்த கதை

அநியாயம் இழைக்கப்பட்டது மாரிசெல்விக்கு. இழைத்தவன் அவள் புருஷன் ராஜதுரை. இழைக்கப் பயன்பட்ட ஆயுதம் வாஸ்து. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் போகப் போக, ஒரு நாய்க்காக இந்த மனுஷன் படுகிற பாட்டைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்ட நாலு பேர் கிளம்புவார்கள். அவர்கள் உச்சுக்கொட்டும் முன் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு வரவும்.

சங்கரன்கோவிலில் மைமூனம்மாள் வீட்டு வாடகைக் குடித்தனத்தில் பதினோரு வருஷம் இருந்தார்கள் இருவரும். வாசலை ஒட்டின அறையில் மாரிசெல்வியின் தையல் மிஷின். தெரு பார்த்த ஜன்னல். வெளிச்சம் வரும், காற்று வரும், காற்றோடு வாடிக்கையும் வரும். ராஜதுரைக்கு இன்சூரன்ஸ் பிடிக்கிற வேலை. காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் கரிவலம்வந்தநல்லூர், பனவடலிசத்திரம் என்று சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் வருவான். புளியங்குடி சாலையை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது, கடக்கால் தோண்டின அன்றே மனைவியிடம் அவன் சொன்ன வார்த்தை: "வாசல் ரூம் உனக்குத்தான் மாரி. ஊரே பாக்க உக்காந்து தைக்கே நீ." அந்த வீட்டுச் செங்கல்லில் பாதி, ரவிக்கையில் விளைந்தது. ஆகவே அது வாக்குறுதிகூட இல்லை, நியாயம்.

பூச்சு வேலை முடிந்து வெள்ளையடித்ததும் வாசல் அறை பளீரென்று ஆனது. ராஜதுரை நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். அந்தச் சுற்றிலேயே நியாயம் தலைசுற்றி விழுந்துவிட்டது. மறுவாரம் ஒரு கண்ணாடி மேஜை வந்தது. சுழல் நாற்காலி வந்தது. ராஜதுரை கைகூப்பிச் சிரிக்கிற படம் போட்டு, "கே. ராஜதுரை, பி.காம்., காப்பீட்டு ஆலோசகர்" என்று ஆறடியில் ஒரு ஃபிளெக்ஸ் சுருண்டு வந்தது.

அன்று சாயங்காலம் நடந்த பேச்சு இது.

"ஏட்டி, வாஸ்துக்காரரு வந்துட்டுப் போனாரு. வாசல் ரூம்ல இரும்புச் சக்கரம் சுத்தப்படாதாம். சுத்துனா வீட்ல உள்ள செல்வம் பூரா சுத்திச் சுத்தி வெளிய போயிருமாம்."

"எந்த வாஸ்துக்காரரு?"

"கடையநல்லூர்க்காரரு. பெரிய ஆளு. உனக்குத் தெரியாது."

"சுத்துற சேரு வாங்கியிருக்கியளே, அது?"

"அது பிளாஸ்டிக் சக்கரம்."

மாரிசெல்வி நாற்காலியைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். சுருட்டி வைத்த ஃபிளெக்ஸையும் பார்த்தாள்.

"சரி. அப்போ நான் எங்கன உக்கார?"

"வாஸ்துக்காரர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."

கேட்டும் சொல்லவில்லை, கேட்காமலும் சொல்லவில்லை. மிஷின் அடுக்களைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட துணி துவைக்கிற இடத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் கொண்டு வைக்கப்பட்டது. அங்கே விளக்கு இல்லை. ஜன்னல் இருக்க வழியில்லை, ஏனென்றால் சுவரே பாதிதான். ஒரு நாளில் எட்டு மணி நேரம் உட்காருகிறவளுக்குத் தகரக் கூரை, இரண்டு மணி நேரம் உட்காருகிறவனுக்குச் சுழல் நாற்காலி. இரும்புச் சக்கரம்தான் பிரச்சினை என்றால், தினம் வாசலில் வந்து நிற்கிற அவன் ஸ்கூட்டருக்கு மரச்சக்கரமா? இந்தக் கேள்வியை மாரிசெல்வி கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்குத் தோன்றவில்லை என்று ராஜதுரை நினைத்தான். இந்தக் கதையில் அவன் செய்த முதல் தப்பு வாஸ்து. இரண்டாவது தப்பு இது.

இனி நாய்.

பேர் கருப்பட்டி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டியை, ராஜதுரை தன் ஹெல்மெட்டுக்குள் வைத்து, தான் நனைந்துகொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தான். பக்கத்திலேயே ராஜபாளையம் இருந்தும் அந்த ஊர் இனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கருப்பட்டி நிறம், ஒரு காது மேலே, ஒரு காது கீழே. தான் குடித்த காபித் தம்ளரை நகர்த்தி வைக்காத ராஜதுரை, இந்த நாய்க்கு முட்டை அவித்து, ஓடு உரித்து, ஒட்டியிருக்கிற தோலையும் நகத்தால் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பான். அவன் மனசில் ஈரம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அது பாய்கிற திசைதான் கேள்வி.

நாயின் ஜாகையோ மாரிசெல்வியின் மிஷினுக்கு அடியில். மிதிகட்டைக்குப் பக்கத்தில் தாடையை வைத்து, தெருவைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். மிஷின் ஓட ஓட அதற்குக் கண் சொருகும். குட்டியிலிருந்து அந்தச் சத்தம்தான் அதற்குத் தாலாட்டு.

ஆவணி முகூர்த்தத்தில், ஞாயிற்றுக்கிழமை, பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். கருப்பட்டி ஆட்டோவில் வந்திறங்கியது. புது வீட்டுக்குள் ஒரு கால் வைத்தது. பளபளப்பு டைல்ஸ். நாலு கால்களும் நாலு ஊருக்குப் போயின. வயிறு தரையில் தட்ட, எழுந்து, மறுபடி வழுக்கி, மாடிப்படிக்கு அடியில் போய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒடுங்கிவிட்டது.

ராஜதுரை முட்டையோடு படிக்கடியில் தவழ்ந்தான். விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சாம்பாருக்குக் காத்திருந்தார்கள்.

"ஏலே கருப்பட்டி. ஐயா பாரு. முட்டை பாரு. மஞ்சக்கரு பாரு."

நாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அன்று ராத்திரி முழுக்க முனகல். முனகல் அழுகையாகி, அழுகை ஊளையாகும் இடத்துக்கு வந்ததும் ராஜதுரைக்கு வேர்த்தது. புதுத் தெரு. குடிவந்த முதல் நாளே நாய் ஊளையிட்டால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? ஊளை கேட்டால் எவன் இன்சூரன்ஸ் போடுவான்? அல்லது பயந்துபோய் எல்லாருமே போட்டுவிடுவார்களோ? அந்தப் பயத்திலும் ஒரு நொடி கணக்குப் போட்டான். பிறகு வெட்கப்பட்டான்.

விடியும் நேரத்தில் பால்காரர் வந்தார். கேட் ஒரு சாண் திறந்திருந்தது. கருப்பட்டியைக் காணோம்.

இங்கே கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராஜதுரைக்கு அந்த நேரம் அப்படித்தான் நகர்ந்தது. வீட்டிலிருந்து இருபது எட்டு எடுத்து வைத்தால் புளியங்குடி சாலை. விடியற்காலையில் எலுமிச்சை மூட்டை ஏற்றின வண்டிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும். ராஜதுரை லுங்கியோடு, செருப்பில்லாமல், சாலை ஓரமாகவே ஓடினான். தூரத்தில் கருப்பாக எது கிடந்தாலும் நெஞ்சு நின்று நின்று ஓடியது. ஒன்று கிழிந்த டயர். ஒன்று யாரோ போட்ட சாக்கு. ஒன்று வேறு வீட்டு நாய், அது உயிரோடு எழுந்து இவனைப் பார்த்துக் குரைத்தது. "கருப்பட்டி! கருப்பட்டி!" என்று அவன் கத்தியதைக் கேட்டு, "கிலோ எவ்வளவு?" என்று ஒரு அம்மா வீட்டு வாசலிலிருந்து கேட்டாள்.

போன் அடித்தது. பழைய வீட்டுக்கார மைமூனம்மாள்.

"ராசதுரை, உங்க புள்ள இங்கன வந்து கெடக்குப்பா. சுபுஹு தொழுதுட்டுக் கதவத் தொறக்கேன், படியில மொகத்தத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கு. பால ஊத்துனேன், மோந்துகூடப் பாக்கல. எம் மனசு கேக்கல, வெரசா வா."

அந்தச் சாலையை அது எப்படித் தாண்டியது? எத்தனை வண்டிக்கு நடுவில்? ஸ்கூட்டரின் முன்தட்டில் நாயை உட்கார வைத்துத் திரும்பி வரும்போது நடுக்கம் நிற்கவேயில்லை. நாய்க்கு அல்ல, ஓட்டுகிறவனுக்கு. வந்ததும் கேட்டுக்குச் சங்கிலி போட்டு, பூட்டுப் போட்டு, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான்.

அன்று பகலில் வீட்டில் என்ன நடந்தது என்று ராஜதுரைக்குத் தெரியாது. அவன் வெளியே போயிருந்தான். நாமும் அவனோடுதான் இருக்கிறோம், ஆகவே நமக்கும் தெரியாது.

சாயங்காலம் வந்தான். நாய் மறுபடி படிக்கடியில். மெல்லிய முனகல்.

"மத்தியானம் தின்னானா மாரி?"

மாரிசெல்வி பெருமூச்சு விட்டாள். "அவன் மொகத்த நீங்களே பாருங்களேன்."

பார்த்தான். இளைத்தது போல் இருந்தது. முட்டையை நீட்டினான். நாய் ஒரு தடவை முகர்ந்து, தலையைத் திருப்பிக்கொண்டது. ராஜதுரைக்கும் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போனில் எங்கேயோ படித்தான்: நாய்க்கு வாசனைதான் வீடு, பழைய வாசனை இருந்தால் புது இடம் பழகும். உடனே மைமூனம்மாள் வீட்டுக்குப் போனான். வீட்டோரம் ஒரு வேப்பமரம். நாலு வருஷம் கருப்பட்டி காலைக் கடனைக் கழித்த புண்ணியத் தலம் அதுதான். அதன் அடிமண்ணைக் கையால் தோண்டிப் பிளாஸ்டிக் கவரில் நிரப்பினான்.

மைமூனம்மாள் ஜன்னல் வழியே பார்த்தாள். "என்னப்பா, குடியிருந்த வூட்டு மண்ணையும் விட்டுட்டுப் போவ மனசில்லையா?"

"நாய்க்கும்மா."

"நாயி மண்ணு திங்குதா இப்போ? யா அல்லா!"

வருகிற வழியில் கோயில் பக்கம் டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினான். அதுதான் வினை. புளியங்குடி எலுமிச்சை மண்டி சௌந்தரபாண்டியன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். சாதாரண ஆள் இல்லை. தனக்கும் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்குமாகச் சேர்த்து வெள்ளிக்கிழமை பாலிசியில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருப்பவர். "எங்க புது ஆபீஸ்லதான் போடணும் அண்ணாச்சி" என்று ராஜதுரை அடம்பிடித்து வாங்கின சம்மதம். வாசல் அறையின் சுழல் நாற்காலிக்குப் பின்னால் இருந்த காரணம் இவர்தான்.

அவர் கண் கவரில் விழுந்தது. இந்த ஊரில், கோயில் பக்கமிருந்து, ஒருவன் மண்ணைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்தால் அது என்ன மண் என்று யாரும் கேட்பதில்லை. நோய் தீர நெற்றியில் பூசி, வாயிலும் போட்டுக்கொள்கிற அம்மன் சந்நிதிப் புற்றுமண்தான். வேறு மண்ணை எந்தப் பைத்தியக்காரன் சுமப்பான்?

"என்னவே ராஜதுரை, புத்துமண்ணா? குடும் கொஞ்சம்."

"அண்ணாச்சி, இது வந்து..."

வந்து, போய் என்று இவன் வார்த்தை தேடுவதற்குள் அவர் ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி, நெற்றியில் பூசிவிட்டார். இன்னொரு கொத்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். "அவளுக்கு முட்டுவலி. ராத்திரி தேச்சுவிடணும்." மூன்றாவது சிட்டிகை வாய்ப் பக்கம் போனது.

"உள்ள வேண்டாம் அண்ணாச்சி!" ராஜதுரை கையைப் பிடித்தேவிட்டான். "இது வெளிப்பூச்சுக்கு மட்டும்."

"அப்படி ஒரு மண்ணு இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. ஸ்பெஷல்."

சொல்ல முடியுமா? சொன்னால் பாலிசி போச்சு. சொல்லாவிட்டால் மனசாட்சி போச்சு. ராஜதுரை பழக்கப்பட்ட வழியில் முடிவெடுத்தான்.

வீட்டுக்கு வந்து வாசல் அறை மூலையில் மண்ணைக் குவித்தான். கருப்பட்டி பைய வந்தது. முகர்ந்தது. வால் லேசாக ஆடியது. ராஜதுரையின் கண் கலங்கியது. நாய் காலைத் தூக்கியது. புது டைல்ஸில், புது வெள்ளைச் சுவரில், கண்ணாடி மேஜையின் ஒரு காலில்.

"பழகிட்டான்லா" என்றாள் மாரிசெல்வி வாசல்படியிலிருந்து.

ஆனால் முட்டையைத் தொடவில்லை. முனகலும் நிற்கவில்லை.

புதன்கிழமை காலை முதல் ஆளாக மாட்டாஸ்பத்திரிக்குப் போய் நின்றான். கால்நடை டாக்டர் ஜெபிதா, சின்ன வயசுப் பெண். நாயைப் பார்த்ததும், "ஏய், மாரியக்கா வீட்டுக் கருப்பட்டியா?" என்று காதைத் தடவினாள். மாரியக்காவை இவளுக்கு எப்படித் தெரியும் என்று ராஜதுரை கேட்டிருக்க வேண்டும். கவலைப்படுகிறவன் காதில் தேவையானது விழாது.

"மூணு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படல டாக்டர். ராத்திரி அழுகை. செத்துருவானோன்னு..."

டாக்டர் நாயை எடை மெஷினில் நிறுத்தினாள். "போன மாசம் ஊசிக்கு வந்தப்ப இருந்தத விட அரைக்கிலோ கூடல்ல இருக்கு?"

"கவலையில ஊதியிருக்கும் டாக்டர்."

டாக்டர் தலையைக் குனிந்து எதையோ எழுதினாள். நிமிர நேரம் ஆனது. "உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். புது வீடு, புதுத் தரை, பயந்திருக்கு. பழைய வீட்ல எப்படி இருந்துச்சோ அப்படியே இங்கயும் அமைச்சுக் குடுங்க. அங்க எங்க படுக்கும்?"

"தையல் மிஷினுக்கு அடியில."

"மிஷின் எங்க இருந்துச்சு?"

"வாசல் ரூம்ல."

"இப்போ?"

ராஜதுரை சுவரில் ஒட்டியிருந்த கோழிப் படத்தைப் பார்த்தான். "பின்னாடி."

"அப்போ வைத்தியம் நாய்க்கு இல்ல சார்."

இதற்கு அர்த்தம் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ராஜதுரைக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் வேறு வழி தேடினான். அன்று சாயங்காலம் யூடியூப்பில் தையல் மிஷின் ஓடும் சத்தத்தைக் கண்டுபிடித்து, போனை நாயின் காதருகே வைத்தான். டகடகடக. கருப்பட்டி காதை நிமிர்த்தியது. நடுவில் விளம்பரம் வந்து ஒருத்தி பல்பொடி பற்றிக் கத்தினாள். நாய் தும்மிவிட்டு நகர்ந்து படுத்தது.

சரி, நிஜ மிஷினையே ஓட்டுவோம் என்று பின்னால் போனான். எமர்ஜென்சி விளக்கைத் தூக்கி மோட்டார் மேல் வைத்து, உட்கார்ந்து மிதித்தான். பதினோரு வருஷம் பக்கத்திலேயே பார்த்த வேலைதானே? சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் முடிச்சாகி, முடிச்சு கூடாகி, ஊசி டக்கென்று முறிந்தது. கருப்பட்டி இதையெல்லாம் அடுக்களைப் படியிலிருந்து பார்த்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மேடையில் பாட்டை மறந்துவிட்டால் எழுந்து போவோமே, அது போலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டது.

"மாரி, நீ ஒரு அஞ்சு நிமிஷம் மிதியேன். சத்தத்துக்கு."

"இருட்டுல ஊசி கோக்க முடியல. கொசு பிச்சுத் திங்கு. மோட்டாருத் தண்ணி வேற தெறிக்கு. ஷாக் அடிச்சா உங்க பாலிசி வருமா?"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

வியாழக்கிழமை நாய் மூச்சு விடுவதையே ராஜதுரை எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கொஞ்சம் நேரமானால் குனிந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். வேலைக்குக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்து, கேட் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போனான். எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் சாவுக்குப் பிறகு கிடைக்கும் பலன்களைப் பற்றித்தானே பேச வேண்டும்? பேசப் பேச நாய் முகம்தான் வந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாரி, மிஷின வாசல் ரூம்லயே போட்டுருவோம்."

"ஐயையோ!" மாரிசெல்வி நெஞ்சில் கை வைத்தாள். "இரும்புச் சக்கரம்லா! செல்வம் பூரா வெளிய போயிருமே!"

"போனாப் போவுது."

"உங்களுக்கென்ன, போனாப் போவுதும்பிய. பெரிய மனுசன் சொன்னத மீறலாமா? அவருக்குப் போனப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. பரிகாரம் உண்டுமான்னு நானே கேக்கேன்."

"போனு... எடுக்க மாட்டாரு."

"ஏன்?"

ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் முட்டுக்கொடுக்கும் கலையில் ராஜதுரை தேர்ந்தவன். ஆனால் நாலு ராத்திரி தூங்கவில்லை. பக்கத்தில் கிடைத்த முட்டுக்கட்டையை எடுத்துவிட்டான்.

"அவரு செத்துட்டாரு."

"என்னது? எப்போ?"

"போன... போன வாரம். மாரடைப்பு."

மாரிசெல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணை முந்தானையால் துடைத்தாள். பிறகு எழுந்தாள். அறைக்குள் போனாள். வெளியே வரும்போது சாயம்போன சேலை கட்டியிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கடையநல்லூருக்கு. துட்டி கேக்காண்டாமா? நம்ம வீட்டுக்கு மனை பாத்த மனுசன். ஒரு வாரமா போகாம இருந்திருக்கோம், அவுக வீட்ல என்ன நெனப்பாவ? சட்டைய மாத்துங்க. ஏழு மணி பஸ்ஸப் பிடிச்சுருவோம்."

"மாரி, அது வந்து... காரியம்லாம் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சா என்ன? பொம்பளையாளு இருப்பாகள்ல, ரெண்டு வார்த்த ஆறுதலாச் சொல்லிட்டு வருவோம். வீடு எந்தத் தெரு? பேரு என்ன அவருக்கு?"

இப்போது பேர் வேறு வைக்க வேண்டும். பேர் வைத்தால் தெரு வேண்டும். தெருவைச் சொன்னால் பஸ் ஏற வேண்டும். முன்பின் தெரியாத ஒரு ஊரில், எந்த வீட்டு வாசலில் போய் நின்று அழுவது? ராஜதுரை சுவரில் சாய்ந்தான். படிக்கடியிலிருந்து கருப்பட்டி ஒரு நீளமான முனகல் விட்டது.

"அப்படி ஒரு ஆளே கிடையாது மாரி."

"எப்படி ஒரு ஆளு?"

"வாஸ்துக்காரரு. நாந்தான்... சும்மா சொன்னேன்."

மாரிசெல்வி கோபப்படவில்லை. அழவில்லை. கையில் எடுத்த பையை ஆணியில் திருப்பி மாட்டினாள். "சரி. அந்தப் பக்கம் பிடிங்க. தூக்குவோம்."

மிஷின் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தது. முக்காலி பின்பக்க ஈரத்தில் ஊறிக் கிடந்ததால் மாரிசெல்வி சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு ஒரு நாளைக்கு." வெட்டின துணியை வைக்க இடமில்லாததால் கண்ணாடி மேஜையில் வைத்தாள். "இப்போதைக்கு." மிதித்தாள். டகடகடக. படிக்கடியிலிருந்து முதலில் மேல்காது வந்தது, பிறகு கீழ்காது வந்தது, பிறகு முழு நாயும் வந்தது. ஓடி வந்த வேகத்தில் டைல்ஸில் வழுக்கி, சறுக்கி, விழப் போனது.

"ஏ, பாத்துல! எலும்பு முறிஞ்சுரும்!" ராஜதுரை பதறினான். வழுக்காத எதையாவது விரிக்க வேண்டும். கண்ணில் பட்டது ஒன்றுதான். கயிற்றைப் பிரித்து, தன் கையாலேயே, ஆறடி ஃபிளெக்ஸை மிஷினுக்கு அடியில் விரித்தான்.

கருப்பட்டி அதில் கால் வைத்துப் பார்த்தது. வழுக்கவில்லை. மூன்று சுற்றுச் சுற்றி, கைகூப்பிச் சிரிக்கும் ராஜதுரையின் நெற்றியில் தாடையை வைத்துப் படுத்து, ஒரு பெருமூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டை. ராஜதுரை சுவரோரம் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு நாளில் முதல் தடவையாக அவனுக்கும் மூச்சு முழுசாக வந்தது. உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. விடிந்த பிறகுதான் வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது.

சௌந்தரபாண்டியன் வருவதற்குள் அறையை ஒழுங்குபண்ணிவிடலாம் என்று நினைத்தான். அதற்கு முன், நாலு ராத்திரி ஊளைக்குப் பக்கத்து வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிடுவது மரியாதை. அடுத்த வீடு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஞானரத்தினம். வாசலில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நம்ம நாயி... பகல் ராத்திரின்னு அழுது உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு..."

"நாயா?" அவர் கண்ணாடியை மேலேற்றினார். "முதல் நாள் ராத்திரி அழுதது உண்மை தம்பி. அப்புறம் பகல்ல சத்தமே இல்லியே. நீங்க அங்கிட்டு ஸ்கூட்டரக் கெளப்புனதும் இங்கிட்டு உங்க வீட்டம்மா பின்கட்டுல மிஷின மிதிப்பாங்க. அது கீழ படுத்து நல்லா உறங்கும். மதியம் ரெண்டு முட்டை தின்னும். நம்ம பேத்தி ஏஞ்சல் நேத்துக் கருவாட்டுத் தலைகூடக் கொண்டுபோய்க் குடுத்தா. சாயங்காலம் உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டு அம்மா மிஷின நிறுத்துவாங்க பாருங்க, அப்பதான் முனங்க ஆரம்பிக்கும்."

ராஜதுரை ரோஜாச் செடியைப் பார்த்துக்கொண்டே நின்றான். முட்டை. அரைக்கிலோ. மாரியக்கா. எல்லாம் வரிசையாக வந்து நின்று அவனைப் பார்த்துச் சிரித்தன.

கால் போன போக்கில் தெருத்தெருவாக நடந்துகொண்டே இந்த வாரம் முழுவதையும் அவன் மனசுக்குள் திருப்பி ஓட்டினான். தின்னானா என்று கேட்டான். முகத்தைப் பாருங்களேன் என்றாள். அதில் பொய் எங்கே? இருட்டு உண்மை, கொசு உண்மை, தண்ணீர் தெறித்தது உண்மை. வாரம் முழுக்க அந்த வீட்டில் பொய் சொன்ன ஆள் ஒருவர்தான். அது யார் என்பதும் அவனுக்கே தெரிந்தது. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினான். வாசலில் கார் நின்றது. உள்ளே, இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் சௌந்தரபாண்டியனும் இன்னொன்றில் அவர் மனைவியும். மேஜை நிறைய ரவிக்கைத் துணி. கொடியில் ஒரு புதுச் சுடிதார், "டாக்டர் ஜெபிதா" என்று சீட்டுக் குத்தித் தொங்கியது. மாரிசெல்வி சுழல் நாற்காலியில் இந்தப் பக்கம் திரும்பி அந்த அம்மாவிடம் அளவு கேட்டாள், அந்தப் பக்கம் திரும்பி நோட்டில் எழுதினாள்.

"வாரும்வே!" என்றார் சௌந்தரபாண்டியன். "ஜோரா இருக்கு இடம். அஞ்சு ரவிக்கை இவ இங்கயே குடுத்துட்டா. அப்புறம், அந்த ஸ்பெஷல் மண்ணு ரெண்டு நாளு தேச்சதுதான், முட்டுவலி பறந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

ராஜதுரையின் கண் மூலைக்குப் போனது. அங்கே கருப்பட்டி மண்குவியலில் காலைத் தூக்கி, இருப்பைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் ஃபிளெக்ஸுக்குத் திரும்பி, ராஜதுரையின் முகத்தில் படுத்தது.

அவன் பாலிசிக் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிஷின் பக்கம் குனிந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி:

"பகல் பூரா மிஷின் ஓட்டியிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீங்க ஒரு வார்த்த கேக்கல."

"நாயி ரெண்டு முட்டை தின்னுருக்கு!"

"பின்ன, பட்டினி போடச் சொல்லுதியளா?"

"டாக்டரும் உங்கூடச் சேந்துக்கிட்டு..."

"அவ நாயப் பாத்தா, உள்ளதச் சொன்னா. பாக்காமச் சொன்னவரு வேற ஆளுல்லா?"

சௌந்தரபாண்டியன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ராஜதுரை சுற்றிப் பார்த்தான். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டும் போச்சு. சுழல் நாற்காலி போச்சு. மேஜை போச்சு. தரையிலும் அவன் முகம் கிடக்கிற இடத்தில் நாய் கிடந்தது. அவன் குரல் அழுகைக்கு ஒரு படி கீழே வந்து நின்றது.

"எல்லாம் சரி மாரி. அப்போ நான் எங்கன உக்கார?"

மாரிசெல்வி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நாற்காலியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அவன் முகத்துக்கு நேரே நிறுத்தினாள்.

"அத வாஸ்துக்காரர்ட்டதான் கேக்கணும். பாவம், அவருதான் உயிரோட இல்லியே."